தனிமையும் ஒரு பசிதான்

2001 கணக்கெடுப்பில் கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் 45.73 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-இல் 44.97 லட்சம். பத்து ஆண்டுகளில் நகரம் வளரவில்லை, சற்றே இளைத்துவிட்டது. ஒரு பகுதியினர் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். பிறப்பும் குறைந்துகொண்டே வந்தது: மேற்கு வங்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.6 குழந்தைதான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் படித்து முடித்ததும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் ரயிலோ விமானமோ ஏறிவிடுகிறார்கள். அறைகள் நிறைந்த பழைய வீடுகளில் பெற்றோர் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஒருகாலத்தில் குமாஸ்தா வேலை தேடி வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இதே கதைதான்.

இப்படித் தனித்து விடப்படும் மனிதருக்குள் என்ன நடக்கிறது? 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாற்பது பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். வேறொரு நாள் அதே பத்து மணி நேரம் யாரையும் பார்க்காமல், போனும் இல்லாமல் ஒரு அறையில் இருக்கச் செய்தார்கள். இரண்டு நாளும் மாலையில் மூளையை ஸ்கேன் செய்தபடியே படங்களைக் காட்டினார்கள். பசித்தவர்களுக்கு உணவுப் படத்தைக் கண்டதும் நடுமூளையில் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்திருந்தவர்களுக்கு நாலு பேர் கூடிச் சிரிக்கும் படத்தைக் கண்டதும் அதே பகுதி துடித்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்து ஜான் கச்சியோப்போ இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டு வந்தார். வயிறு காய்ந்தால் பசி எடுக்கிறது, நீர் வற்றினால் தாகம் எடுக்கிறது. உறவு குறைந்தால் எடுப்பது தனிமையுணர்வு. கூட்டத்தை விட்டு விலகிய ஆதிமனிதன் விலங்குக்கு இரையானான். விலகியதும் மனம் நொந்து திரும்பி ஓடிவந்தவன் பிழைத்தான். நாம் அவனுடைய வாரிசுகள். ஆகவே தனிமையில் மனம் வாடுவது பலவீனம் அல்ல, உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. தனியாக வாழ்கிறவர் எல்லாருக்கும் இது அடிப்பதில்லை. நிறைந்த வீட்டுக்குள் இருப்பவருக்கும் அடிப்பதுண்டு. வேண்டிய உறவுக்கும் வாய்த்த உறவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே கணக்கு.

ஆனால் பசிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பசித்தவர் சோற்றை நோக்கிப் போவார். நெடுநாள் தனிமையில் கிடந்தவரோ மனிதரைக் கண்டு ஒதுங்கத் தொடங்குவார். காட்டில் தனியே நின்றவனுக்கு எந்தச் சலசலப்பும் ஆபத்துதான். அந்தப் பழைய விழிப்பு இன்றும் நம் மூளையில் இருக்கிறது. மகன் போனை எடுக்கவில்லையென்றால், வேலையாக இருப்பான் என்று தோன்றாமல், நான் அவனுக்குப் பாரமாகிவிட்டேன் என்று தோன்றுகிறது. உடம்பும் இந்தப் போர்க்கோலத்தைப் பூணுகிறது. 2007-இல் ஸ்டீவ் கோலும் கச்சியோப்போவும் பதினான்கு பேரின் வெள்ளணுக்களை ஆராய்ந்தார்கள். தனிமையில் வாடியவர்களிடம் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. வைரஸை எதிர்க்கும் மரபணுக்கள் மந்தமாயின. ஆய்வு சிறியதுதான். ஆனால் 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்தபோது, உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டது.

அதே அறிக்கையில் பலரும் எதிர்பார்க்காத ஒரு செய்தியும் இருந்தது. தனிமையுணர்வு மிகுதியாக இருப்பது முதியவர்களிடம் அல்ல, பதின்ம வயதினரிடம். கண் மங்கி, காது மந்தமாகி, துணையை இழந்து நிற்கும் வயதில் மனம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

ஸ்டான்போர்டின் லாரா கார்ஸ்டென்சன் இதற்குக் காலத்தைக் காரணம் காட்டுகிறார். முன்னால் நெடுங்காலம் கிடக்கிறது என்று நினைக்கும்போது புதியவர்களைத் தேடுகிறோம். காலம் சுருங்குகிறது என்று உணரும்போது நெருங்கியவர்களையும் மனதுக்கு இதமானதையும் தேர்ந்துகொள்கிறோம். இது வயதால் மட்டும் வருவதில்லை. 1997-இல் ஹாங்காங் சீனாவின் கைக்குத் திரும்பப் போகிறது என்ற நிலையில், அங்கிருந்த இளைஞர்களும் கிழவர்களைப் போலவே பழகியவர்களோடு இருக்கவே விரும்பினார்கள். இன்னும் இருபது ஆண்டு கூடுதலாக வாழலாம் என்று கற்பனை செய்யச் சொன்னால் கிழவர்களின் விருப்பம் இளைஞர்களுடையதைப் போல மாறியது.

மூளையும் இதை உறுதிப்படுத்துகிறது. 2004-இல் மாரா மேதர் குழுவினர் இனிய படங்களையும் கொடிய படங்களையும் மாறி மாறிக் காட்டினார்கள். உணர்ச்சிகளுக்கு மணியடிக்கும் அமிக்டலா, இளையோரிடம் இரண்டுக்கும் ஒரேபோல் எழும்பியது. முதியோரிடம் இனியவற்றுக்கே கூடுதலாக எழும்பியது. மூளை தேய்ந்து மழுங்கியதால் வரும் நிம்மதியோ என்று சந்தேகம் எழலாம். அடுத்த சோதனை அதைத் தீர்த்துவைத்தது. வேறொரு வேலையைக் கொடுத்து முதியோரின் கவனத்தைச் சிதறடித்ததும் அந்த இனிய சாய்வு மறைந்துவிட்டது. கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் நன்றாக உள்ளவர்களிடம்தான் அது வலுவாக இருந்தது. ஆகவே நல்லதைப் பார்ப்பது தானாக வரும் அசட்டை அல்ல. மூளை பாடுபட்டுச் செய்யும் வேலை. கடும் நோயிலும் வறுமையிலும் ஓயாத கவலையிலும் அந்த வேலைக்குத் தெம்பு மிஞ்சாது. அப்படிப்பட்டவரிடம் ‘நல்லதையே நினையுங்கள்’ என்று உபதேசிப்பதில் பயனில்லை.

இந்த உழைப்பு எப்படி இருக்கும் என்பதைக் கொல்கத்தாவின் ஜோராசாங்கோ வீட்டில் பிறந்தவர் காட்டியிருக்கிறார். ரவீந்திரநாத் தாகூர் 1902-இல் மனைவியை இழந்தார். 1903-இல் மகள் ரேணுகா, 1907-இல் இளைய மகன் சமீந்திரநாத், 1918-இல் மூத்த மகள் மாதுரிலதா. 1924-இல், அறுபத்து மூன்று வயதில், அர்ஜென்டினாவில் நோயுற்றுத் தங்கியிருந்தபோது, ‘பூரபி’ கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய வரிகளை ஒன்றோடொன்று இணைத்து விநோத உருவங்களாக்கினார். அங்கே அவரை உபசரித்த விக்டோரியா ஒகாம்போ அந்தக் கிறுக்கல்களில் ஓவியத்தைக் கண்டார். 1930-இல் பாரிஸில் தாகூரின் முதல் கண்காட்சி நடக்க ஒகாம்போவே துணைநின்றார். முறையாக ஓவியம் பயிலாத அந்த மனிதர் கடைசி ஆண்டுகளில் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றில் பல முகங்கள் இருண்டவை, சோகமானவை. துக்கம் இல்லாததுபோல் நடிப்பது நம்பிக்கை ஆகாது. துக்கத்தோடேயே புதிய ஒன்றைத் தொடங்கலாம். அது மட்டுமல்ல, முதுமையை எப்படி எண்ணுகிறோம் என்பது ஆயுளையே தொடுகிறது. அமெரிக்காவின் ஓஹையோவில் ஐம்பது வயது கடந்த 660 பேரை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வை பெக்கா லெவி 2002-இல் அலசினார். முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நலம், வருமானம், தனிமை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த அனுகூலம் மிஞ்சியது.

தாகூருக்கு ஓர் ஒகாம்போ வாய்த்தார். மற்றவர்களுக்கு? வடகொல்கத்தாவின் பழைய வீடுகள் அதற்கு ஒரு விடை வைத்திருந்தன. தெருவை ஒட்டி வாசலில் ஒரு மேடை. வங்காளிகள் அதை ‘ரோக்’ என்பார்கள், நாம் திண்ணை என்போம். அங்கே உட்கார அழைப்பு வேண்டாம், காரணமும் வேண்டாம். மாலையானால் ‘அட்டா’ என்ற ஓயாத அரட்டை: மோகன்பாகான் கால்பந்து, அரசியல், இலிஷ் மீன் விலை. 1942 முதல் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் இதே அட்டா மேசை போட்டு நடக்கிறது. ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் விடியற்காலை நடந்தபடி நடக்கிறது. இந்த மேலோட்டமான பழக்கங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. டீக்கடைக்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் அதிகம் பேசும் நாட்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியாக உணர்வதை 2014-இல் சாண்ட்ஸ்ட்ரோம், டன் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். ‘என்னை யாரும் பொருட்படுத்துவதில்லை’ என்ற எண்ணத்துக்கு அன்றாடம் ஒரு மறுப்பு கிடைக்கிறது. 2011-இல் தனிமைக்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்விலும், ஆட்களைக் கூட்டிவைப்பதைவிட இந்தத் தவறான எண்ணத்தைத் திருத்துவதே அதிகம் பலன் தந்தது.

ரோக் உள்ள வீடுகளை இடித்து, கீழே கார் நிறுத்தமும் வாசலில் இரும்புக் கதவும் வைத்த அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப வேறு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. கொல்கத்தா போலீஸ் ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து 2009-இல் தொடங்கிய ‘பிரணாம்’ அவற்றுள் ஒன்று. தனியே வாழும் மூத்தவர்கள் பதிவுசெய்துகொண்டால், அவசரத்துக்கு உதவி கிடைக்கும். அவர்களைக் காவல்நிலையத்தார் விசாரித்துக்கொள்வார்கள்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு பிரிவினருக்குச் செடியைக் கொடுத்துத் தாங்களே வளர்க்கச் சொன்னார்கள். எந்த நாள் சினிமா என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எல்லாவற்றையும் ஊழியர்களே செய்தார்கள். மூன்றே வாரத்தில் முதல் பிரிவினர் சுறுசுறுப்பிலும் மகிழ்ச்சியிலும் முந்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ‘சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா’ என்று விசாரிப்பது நல்லதுதான். அதோடு அம்மாவிடம் ஒரு வேலையும் கேட்டு வாங்குங்கள்: பேத்திக்கு வாரம் ஒரு கதை, உங்களுக்கு அந்த வத்தக்குழம்பின் பக்குவம், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்ன சீர் வைப்பது என்ற முடிவு. நம்மிடமிருந்து ஒருவர் எதையோ எதிர்பார்க்கிறார் என்ற எண்ணமே அடுத்த வாரத்துக்கு ஒரு காரணம்.