ஸ்வயம் பாடங்களும் 40 விழுக்காட்டுக் குழப்பமும்: எட்டு வாரக் கணக்கு சொல்வது என்ன?

பருவத் தொடக்கத்தில் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயமில் பதிவு செய்வதற்கான கடைசி நாள் நெருங்கும்போது, மாணவர்களும் பெற்றோரும் அனுப்பும் கடிதங்களில் 40 விழுக்காடு என்ற ஒரே எண் இரண்டு பொருளில் கலந்து கிடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை, ஒரு பட்டப்படிப்பில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படித்து, அதற்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகைப் பெற இடமளிக்கிறது. 2016 விதிமுறையில் இவ்வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. அதே 2021 மே மாதம் வெளியான கலப்புக் கற்றல் பற்றிய கருத்துக் குறிப்போ, ஸ்வயம் அல்லாத ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காட்டை இணையத்திலும் எஞ்சியதை வகுப்பறையிலும் நடத்தலாம் என்றது. முன்னது பாடங்களை எண்ணுகிறது, பின்னது ஒரு பாடத்தைப் பங்கு பிரிக்கிறது. மாணவரின் வீட்டில் என்ன வசதி இருக்கிறது என்பதை இரண்டுமே அளக்கவில்லை. 2017–18 தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புற வீடுகளில் 4.4 விழுக்காட்டில்தான் கணினியும், 14.9 விழுக்காட்டில்தான் இணைய வசதியும் இருந்தன. கைப்பேசி இணையம் அதன்பின் வெகுவாகப் பரவியிருந்தாலும், ஒரே கைப்பேசியை வீட்டிலுள்ள பலர் பகிர்ந்துகொள்ளும் நிலையை இவ்விரண்டும் கருத்தில் கொள்ளவில்லை.

எங்கிருந்தும் எப்போதும் கற்கலாம் என்னும் ஸ்வயமின் அறிவிப்பு எவ்வளவு உண்மை என்பதை, அத்தளத்தில் கிடைக்கும், சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களின் மதிப்பெண் முறையில் காணலாம். அசைன்மெண்ட் என்ற பெயரில் வாரந்தோறும் தரப்படும் பயிற்சி வினாக்களுக்கு 25 மதிப்பெண்ணும் இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் உண்டு. 12 வாரப் பாடத்தில் மாணவர் அதிக மதிப்பெண் பெற்ற 8 வாரங்களின் சராசரி மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுவதால், மின்வெட்டாலோ டேட்டா தீர்ந்ததாலோ நான்கு வாரங்கள் தவறினாலும் மதிப்பெண் குறைவதில்லை. யாரிடமும் காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டாத இச்சலுகை மிக நுட்பமாக அமைக்கப்பட்ட ஒன்று.

கவலைக்குரிய பகுதி அதற்கு அடுத்துத் தொடங்குகிறது. சான்றிதழ் பெற 25-க்கு 10, 75-க்கு 30 என இரண்டையும் தனித்தனியே தொட வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது. சமர்ப்பித்த வாரங்களிலெல்லாம் நூற்றுக்கு 60 பெறும் ஒரு மாணவர் 6 வாரங்கள் சமர்ப்பித்தால் கூட்டுத்தொகை 360, அதை 8-ஆல் வகுத்தால் 45, அதில் கால் பங்கு 11.25, தகுதி உண்டு. அவரே 5 வாரங்கள் மட்டும் சமர்ப்பித்தால் 9.375-இல் நின்றுவிடுகிறார், இறுதித் தேர்வில் 75-க்கு 75 பெற்றாலும் சான்றிதழ் இல்லை. ஆக, பாடத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் விடையைக் கெடு முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும், கெடு கடந்த விடையைத் தளம் ஏற்பதில்லை. வசதி குறைந்த மாணவர் தோற்கும் இடம் பாடம் அன்று, விடை அனுப்பத் தேவைப்படும் சில நிமிட இணைப்புதான் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அறிவை அளக்க வேண்டிய மதிப்பெண், இங்கே இணைப்பையும் சேர்த்து அளந்துவிடுகிறது.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா வழங்க முன்வந்த தமிழக அரசின் திட்டம் இச்சிக்கலை நேரடியாகத் தொட்டது; ஆனால் அது நான்கு மாதத் திட்டம், கலப்புக் கற்றலோ நிலையான ஏற்பாடு.

பிற கேள்விகள் சில:

காணொளிகளைப் பதிவிறக்கலாமா? என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குப் பதிவிறக்க வசதி உண்டு. கல்லூரியில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

8 வாரப் பாடத்துக்கு என்ன கணக்கு? சிறந்த 6, நான்கு வாரப் பாடத்துக்குச் சிறந்த 3.

ஸ்வயம் பிரபா தொலைக்காட்சி போதுமா? பாடம் கேட்கப் போதும். விடை அனுப்ப அதில் வழியில்லை.

கட்டணம் உண்டா? படிக்க இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு உண்டு.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாமா? முடியாது, மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும்.

ஸ்வயம் பாடங்களைக் கிரெடிட்டுக்காக ஏற்கும் கல்லூரிகள், வாரக் கெடு முடியும் நாளில் கணினி ஆய்வகத்தை மாலையிலும் திறந்து வைக்க வேண்டும்; அந்த நேரத்தைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே மாணவர்கள் பதிவு செய்வது நல்லது.