தேனடைச் சக்கையிலிருந்து மெழுகுவத்தி செய்தல்

விருத்தாசலம் தாலுகா மங்கலம்பேட்டைப் பிரதேசத்தில் முந்திரியும் வேம்பும் புங்கும் பூக்குங் காலத்தில் தேனடைகள் பெருகுகின்றன. பெட்டியில் தேனீ வளர்ப்போரும், தோப்பில் தானாகக் கட்டிய அடையை அறுப்போரும், தேனைப் பிழிந்து கொண்டு சக்கையை வேலியோரத்தில் எறிந்து விடுவது பொதுவான வழக்கமாயிருக்கிறது. இவ்வாறு எறியப்படும் சக்கையில் உயர்ந்த ரக மெழுகு இருக்கிறது. ஒரு பங்கு மெழுகைச் சுரப்பதற்குத் தேனீக்கள் பல பங்கு தேனை உண்ண வேண்டியிருப்பதால், மெழுகை எறிபவர் தேனையே எறிகிறார் எனலாம். மேலும், எறிந்த அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி பெருகி, பக்கத்திலுள்ள நல்ல பெட்டிகளையும் கெடுக்கும்.

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நமது விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் பல நாட்களும், சில இடங்களில் வாரக் கணக்கிலும் இருளில் கிடந்தன. மண்ணெண்ணெயும் இப்போது முன்போல் தாராளமாகக் கிடைப்பதில்லை. பங்குனியில் எடுத்த மெழுகை ஐப்பசிக்குமுன் வத்தியாக்கி வைத்துக்கொண்ட குடும்பத்திற்கு அத்தகைய நாட்களில் வெளிச்சத்திற்குக் குறைவிராது.

எண்ணெயைக் கொண்டே வத்தி செய்யலாகாதா என்று சிலர் வினவுகின்றனர். வத்தி தானே நிற்க வேண்டுமாயின், நமது கோடை வெப்பத்திலும் இளகாத பொருளாக இருத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 25 டிகிரி செண்டிகிரேடிலேயே உருகிவிடும். இலுப்பையெண்ணெய் குளிரில் உறையுமேயன்றி வெயிலில் நிற்காது. வனஸ்பதி சுமார் 40 டிகிரிக்குள் இளகுவது. நமது மே மாதத்து வெயிலோ சில நாட்களில் அவ்வளவை எட்டும். தேன் மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும். ஆகவே எண்ணெய்களுக்கு அகலே தகுந்த இடம். வத்திக்கு மெழுகே தகுந்தது.

மெழுகெடுக்கும் முறை வருமாறு. தேன் பிழிந்த அடைகளை நன்றாக அலசி, உடைத்து, ஒரு நாள் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். புழு வளர்ந்து கறுத்த பழைய அடைகளுக்கு இது மிகவும் அவசியம். ஊறாவிடில், அறைகளுக்குள்ளிருக்கும் கூட்டுத் தோல்களே உருகிய மெழுகை உறிஞ்சிக் கொள்ளும். பின்பு சக்கையைத் துணிப்பையிலிட்டு, உள்ளே ஒரு கல்லையும் வைத்துக் கட்டி, பாத்திரத்திலுள்ள தண்ணீரில் அமிழ்த்தி, சிறு தீயில் காய்ச்சுக. மழைத் தண்ணீர் உத்தமம். உப்புக் கிணற்று நீரில் மெழுகு நுரைத்துக் கெட்டியாகாமற் போகும். இரும்பு, செம்புப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்குமாதலால் எவர்சில்வர் பாத்திரமே நல்லது. அப்பாத்திரம் மறுபடி சமையலுக்கு உதவாது என்பதை வீட்டிலுள்ள பெண்மக்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நலம். பையைக் கட்டையால் அழுத்த அழுத்த மெழுகு மேலே மிதக்கும். இறக்கி, சாக்கினால் மூடி, இரவு முழுவதும் மெல்ல ஆறவிட்டால், காலையில் வட்டமாக உறைந்திருக்கும். அதன் அடியிலுள்ள கசடைச் சுரண்டி நீக்குக.

திரியில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். அகலுக்குத் திரிப்பது போல் பஞ்சைத் திரித்துப் போட்டால், கரி பிடித்துப் புகையும். பருத்தி நூலை மூன்று புரியாகச் சடை பின்னுவதே சரி. பின்னிய திரியின் நுனி வளைந்து சுவாலையின் வெளிப்புறத்தில் எரிந்து போவதால், கரி தங்காது. இதனை 1825-ல் பிரான்சு தேசத்தில் காம்பசேரே என்பவர் கண்டார்; அதற்குமுன் அங்கும் திரியைக் கத்தரித்துக் கொண்டேயிருக்க வேண்டியிருந்தது. ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு பெரிய கரண்டி உப்பும் இரண்டு பெரிய கரண்டி வெண்காரமும் கரைத்து, திரியை அரை நாள் ஊறவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, பின்பு உருகிய மெழுகில் தோய்த்து நேராக இழுத்து வைக்க வேண்டும். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தேன் மெழுகு குழைவானதாகையால், கடை வத்தியின் திரியைவிடச் சற்றுத் தடித்த திரியே இதற்கு வேண்டும்.

அச்சுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை. பப்பாளி இலைக் காம்பு நல்ல குழாய். ஒரு சாண் நீளம் நறுக்கி, பால் போகக் கழுவி, அடிமுனையைக் களிமண்ணால் அடைத்து, திரியை நடுவே தொங்கவிட்டு, மேல்முனையில் ஈர்க்குக் குச்சியில் கட்டி, மணலில் நிறுத்துக. மெழுகை நேரே அடுப்பில் வையாமல், கொதிநீருள்ள பாத்திரத்திற்குள் வேறொரு பாத்திரத்தில் வைத்தே உருக்க வேண்டும். ஊற்றியபின் நடுவில் குழி விழும்; அதனை மறுபடி நிரப்புக. அரை நாள் சென்றபின் காம்பைக் கீறி உரித்தால் வத்தி வரும். பருத்த வத்தி வேண்டுவோர் மூங்கிலை இரண்டாகப் பிளந்து, உட்புறம் சோப்பு நீர் தடவிச் சேர்த்துக் கட்டி உபயோகிக்கலாம். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. அது வெடித்துச் சிதறும். மூடியால் மூடி அணைக்க வேண்டும்.

எரிந்து மிஞ்சிய கடை வத்தித் துண்டுகளையும் உருக்கி, கருகிய திரிகளை வடிகட்டி, தேன் மெழுகுடன் கலந்து வார்க்கலாம். பலகாரம் சுட்ட எண்ணெயை மெழுகில் கலப்பது வீண். வத்தி குழைந்து சாயும். முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து வடியும் எண்ணெயை மாத்திரம் விளக்கிலோ வத்தியிலோ சேர்க்கவே கூடாது. நமது பகுதியில் அது எளிதாகக் கிடைப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன். அவ்வெண்ணெய் தோலைப் பொக்குளிக்கச் செய்வது. அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

சாதாரண வத்தி மணிக்கு 5 முதல் 7 கிராம் மெழுகு எரிக்கும். ஆகவே ஒரு கிலோ மெழுகு, இரவுக்கு நான்கு மணி நேரமாக, 35 முதல் 50 இரவுகளுக்கு வரும். சுத்தமான மஞ்சள் மெழுகுக்குச் சந்தையில் நல்ல விலையுண்டு. பெட்டிகளுக்கு வேண்டிய மெழுகுத் தகடு செய்யவும் அதுவே வேண்டும். எனவே முதல் தரத்தை விற்றோ தகடாக்கியோ, கறுத்த அடையின் மெழுகை வத்திக்கு வைத்துக் கொள்வதே எனது யோசனை. பெட்டித் தேனீயின் அடை, தேனெடுக்கும் இயந்திரத்தில் சுற்றியபின் மறுபடி பெட்டிக்கே போவதால், அதிலிருந்து மெழுகு சொற்பமே கிடைக்கும். மலைத்தேனீயின் பேரடையிலோ மிகுதியாகக் கிடைக்கும்.

கூரை வீடுகளில் வத்தியை மணல் நிரப்பிய மண்சட்டியின் நடுவில் நிறுத்தியே ஏற்ற வேண்டும். கிராம அதிகாரிகள் மழைக்காலத்திற்குமுன் புகலிடமாகும் பள்ளிக் கட்டிடங்களைப் பார்வையிடுங்கால், இத்தகைய வத்திகளையும் மணற்சட்டிகளையும் அங்கே சேகரித்து வைக்க ஏற்பாடு செய்யலாம். வத்திகளைக் காகிதத்தில் சுற்றி, எலி எட்டாத தகரப் பெட்டியில், அடுப்பங்கரைக்குத் தூரத்தில் வைக்கவும். சில மாதங்களில் மேலே வெண்மையாகப் பூத்தாற்போல் படரும். அது பூஞ்சணமன்று, துணியால் துடைத்தால் போய்விடும்.