நீர்த்தொட்டி, துருசுக் கதவு, எருக்குழி ஆகியவற்றை அரிப்பினின்றும் காத்தல்

நீரைத் தேக்கவும் இறைக்கவும் பாய்ச்சவும், கழிவு நீரைச் சேர்த்து வைக்கவும் கமக்காரர் அமைக்கும் கட்டுவேலைகள் பெரும்பாலும் இரும்பினாலும் சீமெந்தினாலும் ஆனவை. பண்டைக் குளங்களின் துருசுகளைக் கட்டியோர் கருங்கல்லையும் செங்கல்லையும் மரத்தையும் கையாண்டனர். அவற்றிற் கறள் பிடிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. இக்காலத்துத் துருசுக் கதவும், அதனை உயர்த்தும் திருகுதண்டும், இறைகுழாயும், கொங்கிறீற்றுத் தொட்டியின் சுவருள் மறைந்து கிடக்கும் கம்பியும் அத்தகையன அல்ல. வயலுக்கு நீர் வேண்டிய நாளிலே திறக்க மறுக்கும் கதவும், மிளகாய்ச் செடி வாடும் நாளிலே கசிந்து வெறுமையாகும் தொட்டியும் ஒரே நாளிற் கெட்டவை அல்ல. பல ஆண்டுகளாக அவை அரிப்புண்டு வந்திருக்கும். பார்க்க வேண்டிய இடத்தைப் பாராமையாலேயே அது தெரியாமற் போகிறது.

நீருள் ஆழ்ந்திருக்கும் பகுதியே முதலிற் கெடும் எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. இரும்பு கறள் பிடிப்பதற்கு நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய இரண்டும் வேண்டும். அசையாத ஆழ்நீரில் ஒட்சிசன் குறைவு. உலர்ந்த காற்றில் ஈரம் குறைவு. நீரின் மேல்மட்டம் ஏறி இறங்கும் இடத்திலேதான் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆதலின் துருசுக் கதவாயினும் கிணற்றுள் இறங்கும் குழாயாயினும் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு முழ அளவுள்ள பகுதியையே முதலிற் சோதித்தல் வேண்டும். எருக்குழியில் இன்னும் வியப்பான நிலைமை உண்டு. அங்கு நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள சுவரும் மூடியுமே அதிகம் கெடுகின்றன. அதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

இரும்பு வேலைகள்

உப்பு நீர் இரும்புக்குப் பெரும் பகை. நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது மின்னை இலகுவிற் கடத்தும். குளோரைட்டு என்னும் பகுதி உலோகத்தின் மேற் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படையையும் ஊடறுத்து விடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடல்நீர் உட்புகாமற் காத்து, ஏரிகளை நன்னீராக்கும் நோக்குடன் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் தடுப்பணைகள் அமைக்கப்பட்டன. பிற்காலத்திற் பராமரிப்புக் குன்றியதனால் அவற்றின் கதவுகள் பழுதுற்று உவர்நீர் மீண்டும் உட்புகுந்தமை அப்பகுதிக் கமக்காரர் நன்கறிந்ததே. கதவொன்று கெடுவதனால் வருவது கதவின் விலையளவான நட்டம் மாத்திரமன்று. அதன் பின்னாலுள்ள வயல்களும் கிணறுகளும் அதனோடு சேர்ந்து கெடுகின்றன.

இரும்புக்குத் தீந்தை பூசுவோர் தீந்தையின் விலையைப் பற்றி விசாரிப்பதிற் பாதியளவு கவனத்தை, பூசப்படும் இரும்பின் மேற்பரப்பிற் செலுத்தினாற் போதும். கறளின் மேற் பூசப்படும் எந்த விலையுயர்ந்த தீந்தையும் கறளோடு சேர்ந்தே உதிர்ந்து விடும். முதலில், உதிரும் செதில்களைச் சுரண்டிக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்து இரும்பின் நிறம் தோன்றச் செய்க. பின்பு நன்னீராற் கழுவுக. கடலை அடுத்த இடங்களில் இக்கழுவுதலை விட்டுவிடலாகாது; கண்ணுக்குத் தெரியாத உப்பு மேற்பரப்பில் எஞ்சியிருந்தால் அது தீந்தையின் கீழே ஈரத்தை ஈர்த்துக் கொப்புளங்களை எழுப்பும். நன்றாக உலர்ந்தபின் அன்றைய தினமே முதற் பூச்சை இடுக. ஓரிரவு காத்திருந்தால் மெல்லிய கறள் மறுபடியும் படிந்து விடும்.

கூரிய விளிம்புகளிலும் மரையாணித் தலைகளிலும் ஒட்டு வைத்த இடங்களிலும் தீந்தை மெல்லியதாகவே நிற்கும். ஆகவே அவ்விடங்களுக்குத் தூரிகையால் ஒருமுறை தனியாகப் பூசி, அதன் பின் முழுவதையும் பூசுக. இரண்டாம் பூச்சை வேறு நிறத்தில் இடுவது நல்ல வழக்கம். தவறவிட்ட இடம் உடனே கண்ணிற் படும். முற்காலத்தில் முதற் பூச்சாகச் செவ்வீயம் பெரிதும் வழங்கியது. அது இரும்பை நன்கு காத்தது உண்மையே. ஆயினும் ஈயம் நஞ்சாகையால் பயிருக்கும் குடிநீருக்கும் செல்லும் நீரையடுத்து அதனை இனிப் பயன்படுத்தலாகாது. நாகம் செறிந்த முதற் பூச்சும் அதன்மேல் எப்பொக்சிப் பூச்சும் இன்று கிடைக்கின்றன. பழைய கதவுகளைச் சுரண்டும்போது உதிரும் தீந்தைத் துகளில் ஈயம் இருக்கக்கூடும். ஈரமாக்கிச் சுரண்டி, துகள்களைச் சாக்கில் ஏந்திக் கொள்க, வாய்க்காலில் விழவிடற்க.

நாகம் பூசிய வாளி, குழாய் முதலியவற்றில் நாகமானது தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள நாகம் தேயுமே தவிர இரும்பு உடனே கெடாது. ஆனால் அமிலமும் கடுங்காரமும் நாகத்தை விரைவில் உண்டு விடும். தோட்டக்காரர் ஒன்றை இங்கு நினைவிற் கொள்க. போர்டோக் கலவைக்கு வேண்டிய மயில்துத்தத்தை நாக வாளியிற் கரைத்தால், கரைசலிலுள்ள செம்பு வாளியிற் படிந்து நாகம் கரைந்து போகும். வாளியும் கெடும், மருந்தும் வலுவிழக்கும். கலவையுள் இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கும்போது செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என அறிகின்ற பழைய சோதனையும் இதே இயல்பைப் பற்றியதே. செம்பு, பித்தளை உறுப்புக்களை இரும்புக் குழாயோடு நேரே பொருத்தினால், சிறப்பாக உவர்நீரில், இரும்பு விரைந்து தேய்வதற்கும் இத்தகைய காரணமே உண்டு.

சீமெந்துத் தொட்டிகள்

நன்றாகச் செய்த சீமெந்து வேலை மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரம் உள்ளிருக்கும் கம்பியின் மேல் ஒரு நுண்ணிய படையை உண்டாக்கிக் கறள் பிடியாமற் காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உட்சென்று காரத்தைக் குறைத்தாலும், உப்பு ஊறிக் கம்பியை அடைந்தாலும் அக்காப்பு நீங்கும். கறளானது அது உண்டாவதற்குச் செலவான இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கொள்ளும். ஆகையால் அது சீமெந்தை உள்ளிருந்தே பிளக்கிறது. தொட்டியின் சுவரிற் கம்பியின் வழியே நேர்க்கோடாக வெடிப்பும், அதனூடே செம்பழுப்புக் கசிவும் கண்டால் வெளியே சாந்து பூசி மறைப்பதிற் பயனில்லை. உடைந்த பகுதியைக் கொத்தி அகற்றி, கம்பியைச் சுற்றிலும் துப்புரவாக்கியே புதிதாகச் சாந்து இடல் வேண்டும். புதிதாகக் கட்டுவோர் கம்பிக்கும் நீருக்கும் இடையே ஒன்றரை அங்குலச் சீமெந்தாவது இருக்கச் செய்க. கடற்கரை மணலையும் உவர்நீரையும் கம்பியிட்ட வேலையிற் சேர்த்தல் கட்டும்போதே நோயை உள்ளே வைப்பதாகும்.

இடத்துக்கு இடம் நீரின் குணம் வேறுபடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறைக் கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெண்படிவை விடும். அத்தகைய நீர், உப்பில்லாதவிடத்து, சீமெந்தை அரிப்பதில்லை. மலைநாட்டு ஓடைகளின் நீர் அவ்வாறன்று. அது மென்னீராகையால் சீமெந்திலுள்ள சுண்ணத்தைக் கரைத்துச் செல்லும். தொட்டியின் உட்புறம் சொரசொரப்பாகி மணல் வெளித்தோன்றுவது இதன் அடையாளம். இதற்கு ஒரு பங்கு சீமெந்தும் மூன்று பங்கு ஆற்றுமணலும் கலந்த சாந்தை அரை அங்குலக் கனத்திற் பூசி, கரண்டியால் அழுத்தி மழமழப்பாக்கி, ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் வைத்திருத்தல் பொதுவாகப் போதுமானது. பலர் பூசுவதிற் குறை வைப்பதில்லை. ஈரம் காப்பதிலேயே குறை வைக்கின்றனர். வெயிலிற் சடுதியாகக் காய்ந்த பூச்சு மயிர்வெடிப்புக்கள் நிறைந்ததாகி நீரை உள்ளே விடும்.

புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைக்கும் தொட்டி இரண்டு மூன்று நாட்கள் குளிர்ந்த நீரைத் தாங்கும்போது அந்நீர் புளித்து அமிலமாகிறது. நாற்றத்தினாலேயே அதனை அறியலாம். ஊறுநீரை நாள்தோறும் மாற்றினால் தொட்டியும் காக்கப்படும், அரிசியின் வாடையும் குறையும். இத்தொட்டிக்குத் தாரையேனும் பிற்றுமனையேனும் பூசலாகாது. உணவுக்கும் குடிநீருக்கும் ஏற்றதெனக் கொள்கலத்திற் குறிக்கப்பட்ட உட்பூச்சையே வாங்குக. பசளைகளுள் அமோனியம் சல்பேற்றுச் சீமெந்தை வலுவாகத் தாக்கும். பொட்டாசியம் குளோரைட்டு இரும்பைக் கெடுக்கும். சாக்குகளைத் தரையில் வையாது பலகை மேல் அடுக்குக. நீரிறைக்கும் பொறி நிற்கும் கொட்டிலிற் பசளையை வைத்தல் ஆகாது.

எருக்குழியும் கழிவுநீர்த் தொட்டியும்

மாட்டுக் கொட்டிலின் சிறுநீரும் சாணமும் சேரும் மூடிய குழியில் அடியிலுள்ள சேறு காற்றற்ற நிலையில் இருக்கிறது. அங்கு வாழும் பற்றீரியாக்கள் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதே. வாயு மேலெழுந்து ஈரமான சுவரிலும் மூடியின் அடிப்புறத்திலும் படியும்போது, வேறொரு வகைப் பற்றீரியா அதனைக் கந்தக அமிலமாக்குகிறது. அவ்வமிலம் சீமெந்தைச் சுண்ணாம்புச் சேறு போல மென்மையாக்கி விடும். நெடுங்காலமாக இது வெறும் இரசாயன மாற்றமென்றே கருதப்பட்டது. 1945 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துக் கழிவுநீர்க் குழாய்களை ஆராய்ந்த பாக்கர் என்பவர் அரிப்புண்ட கொங்கிறீற்றினின்றும் அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நீருள் மூழ்கிய சுவர் நன்னிலையில் இருக்க, மேலுள்ள மூடி மாத்திரம் இற்று விழுவது ஏன் என்பது இப்போது விளங்கும். ஒருவர் அம்மூடியின் மேல் நடக்கும்போது அது இடிந்து விழுதல் நேரக்கூடிய ஆபத்தே. ஆண்டுக்கொரு முறை மூடியை நகர்த்தி, அடிப்புறத்தை நீண்ட கம்பியாற் குத்திப் பார்க்க. கம்பி மாவிற் புகுவது போற் புகுந்தால் அம்மூடியை உடனே மாற்றுக.

இக்குழிக்குச் சீமெந்துச் சாந்து மாத்திரம் காப்பாகாது; அமிலம் அதனையும் உண்ணும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவருக்கும் மூடியின் அடிப்புறத்துக்கும் பிற்றுமன் அல்லது எப்பொக்சிப் பூச்சு இரண்டு முறை இடல் வேண்டும். இவற்றைப் புதிய கொங்கிறீற்றின் மேல் அவசரப்பட்டுப் பூசுவது பணத்தை வீசுவதற்கு ஒப்பாகும். கொங்கிறீற்று ஏறத்தாழ நான்கு கிழமை முதிர்ந்து, வெளியேயும் உள்ளேயும் உலர்ந்திருத்தல் நன்று. நிலத்தடி நீர் உயர்ந்துள்ள இடங்களிற் சுவரின் பின்னிருந்து தள்ளும் நீர் பூச்சை உரித்து விடும். அங்கு கட்டும்போதே வெளிப்புறத்தைப் பூசியடைப்பதே தக்கது. குழிக்குக் காற்றுப் போக்கும் குழாய் ஒன்று வைத்தால் வாயுவும் ஈரமும் குறைய, அரிப்பும் குறையும்.

வேலைக் காலம்

நீர் மிகக் குறைந்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே, சிறுபோகம் முடிந்து காலபோகத்துக்கு முன்னர், இவ்வேலைகளுக்கு உகந்தவை. கதவின் திருகுதண்டுக்கு அப்போதே கிரீஸ் இட்டு, முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்க்க. குளத்துத் துருசுகளைத் தனியொருவர் தொடலாகாது. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறு குளமாயின் கமக்காரர் அமைப்பின் மூலம் கமநல சேவைகள் நிலையத்துக்கும், பெரிய குளமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அறிவிக்க.

எருக்குழி, சாண எரிவாயுத் தொட்டி ஆகியவற்றின் உட்புறத்தைப் பழுதுபார்க்கும்போது உயிருக்கே ஆபத்து உண்டு. ஐதரசன் சல்பைட்டு மிகுந்தவிடத்து மூக்கின் உணர்வை அழித்து விடும்; நாற்றம் இல்லை என்பதனால் வாயு இல்லை என்று கொள்ளலாகாது. கிணற்றுக்குச் செய்வது போல விளக்கை இறக்கிச் சோதிப்பது இங்கு கூடாது. மெதேன் வாயு தீப்பற்றி வெடிக்கலாம். குழியை வெறுமையாக்கி, மூடிகள் யாவற்றையும் திறந்து, பல நாட்கள் காற்றாட விட்டு, விசிறி கொண்டு காற்றூட்டியபின், வாயுவை அளக்கும் கருவியுடைய பயிற்சி பெற்றோரைக் கொண்டே வேலையைச் செய்விக்க. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க, மேலே இருவர் அக்கயிற்றை விடாது நிற்றல் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் மற்றவர் அவரைத் தூக்க இறங்கற்க. கயிற்றினால் மேலே இழுத்தெடுத்து, காற்றோட்டமான இடத்திற் கிடத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.