இது வேற பிரஷர்!

'பிரஷர்'னு சொன்னதும் அப்பாவோட உப்பில்லாத சாம்பாரும், டாக்டர் கையில பட்டையைச் சுத்திக் காத்தடிக்கிறதும்தானே ஞாபகம் வருது? இது வேற பிரஷர் பாஸ். கையில் பார்த்தால் நார்மல் என்றே காட்டலாம். எகிறியிருப்பது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில். அங்கே சராசரியாக 14 இருக்கவேண்டிய அழுத்தம் 20-ஐத் தாண்டினாலே சிக்கல். குழாயின் சுவர் தடித்து, வழி சுருங்கி, தள்ளித் தள்ளியே வலதுபக்க இதயம் களைத்துப்போகும்.

ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருது. இருபது, முப்பது வயசிலேயேகூட! மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். 'ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு', 'ஆஸ்துமாவா இருக்கும்' என்றே வருஷங்கள் ஓடிவிடுவது உண்டு. ஒரு எக்கோ எடுத்தால் சந்தேகம் வந்துவிடும். உறுதிசெய்ய, ரத்தக்குழாய் வழியே மெல்லிய டியூபை இதயம்வரை விட்டுப் பார்க்கணும்.

2000-ல் ஒரு குற்றவாளி மாட்டியது. பி.எம்.பி.ஆர்-2 என்ற ஜீன். பரம்பரையாக வரும் கேஸ்களில் பெரும்பாலும் இதில்தான் கோளாறு. (கோளாறு இருந்தும் நோயே வராதவங்களும் நிறைய!)

அப்போ, நல்ல ஜீனை உள்ளே அனுப்பினா? கனடாவில் டங்கன் ஸ்டூவர்ட் குழு இறங்கியது. ஆனால், அவங்க எடுத்தது வேற ஜீன். குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிற ஜீன். (வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபில் மருந்தும் இதே ரூட்தான். 2005-ல் அமெரிக்காவில் இந்த நுரையீரல் நோய்க்கே அனுமதி வாங்கிச்சு. சிரிக்காதீங்க!) நோயாளியின் ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, ஜீனை ஏற்றி, நுரையீரல் குழாய்க்குள் திருப்பிவிட்டார்கள். முடிவு 2015-ல் வெளியானது. ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரம் ஒரு மாதத்தில் சராசரியா 65 மீட்டர் கூடியது; ஆறாம் மாதத்திலும் 47 மீட்டர் நின்றது. துள்ளிக்குதிக்க முடியாது. மொத்தமே ஏழு பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. முற்றிய நிலையில் இருந்த ஒருவர், டிஸ்சார்ஜ் ஆனபிறகு இறந்தும்போனார்.

நியூயார்க்கில் ரோஜர் ஹஜ்ஜார் குழுவோட ஐடியா இன்னும் ஜாலி. வைரஸில் ஜீனை ஏற்றி, ஸ்ப்ரே மாதிரி மூச்சுக்குழாய் வழியே கொடுப்பது. 2013-ல் எலிகளிடமும், 2016-ல் பன்றிகளிடமும் பலன் கிடைத்தது. மனுஷன்கிட்ட வரும்போதுதான் தலைவலி. வெளியிலிருந்து எது வந்தாலும் துரத்தியடிப்பதற்கென்றே நுரையீரலில் ஒரு படை இருக்கே!

அதனால் 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது ஜீன் மருந்துக்கு அல்ல, சோட்டாடெர்செப்ட் என்ற ஊசிக்கு. ஜீனைத் தொடாமல், அந்த பி.எம்.பி.ஆர்-2 கெடுத்துவைத்த பேலன்ஸை மட்டும் சரிக்கட்டப் பார்க்கிறது. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி.