160 குதிரைகள், ஐந்து பேர், ஒரு வேகத்தடை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் ஆலையில் 2015 முதல் கிரெட்டா தயாராகிறது. அதன் 2024 மாடலில் பெட்ரோல் எஞ்சின் இரண்டு வகை. இரண்டுமே ஒன்றரை லிட்டர்தான். சாதாரண எஞ்சின் 115 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும். டர்போ பொருத்தியது 160 பிஎஸ் தரும். அந்த டர்போவோடு கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், உறுமும் சைலன்சர், 18 அங்குலச் சக்கரம் எல்லாம் சேர்த்து அதே ஆண்டு மார்ச்சில் ‘என் லைன்’ என்ற வகை வந்தது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 8.9 நொடியில் எட்டும் என்கிறது நிறுவனம்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். சாயங்காலம் காய்கறி வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை தாத்தா பாட்டியோடு சொந்த ஊருக்குப் போய்வர வேண்டும். இந்த வாழ்க்கைக்கு 160 பிஎஸ் எதற்கு?

கேள்வி நியாயமானது. ஆனால் இன்று கார் வாங்கப் போகிறவருக்கு 160 என்பதே நடுத்தர எண் ஆகிவிட்டது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பிஇ 6 மின்சாரக் கார், பெரிய பேட்டரி வகையில் 286 பிஎஸ் தருகிறது. நூறைத் தொட 6.7 நொடி. அதை வடிவமைத்துச் சோதித்ததில் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா ஆய்வு மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஜூனில் வந்த டாடா ஹாரியர் இவியின் இரட்டை மோட்டார் வகைக்கு அந்த நேரம் 6.3 நொடி. இவை எல்லாம் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகள் வைத்துக்கொண்டு போகும் குடும்ப வண்டிகள். கார் போன்ற அடித்தளம், எஸ்யூவி போன்ற உயரம் என்று இரண்டையும் கலந்த இந்த வகையைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள்.

வேகத்துக்கும் குடும்பத்துக்கும் முடிச்சுப் போடும் முயற்சி இங்கே புதிதல்ல. 2015-லேயே ஃபியட் நிறுவனம் தன் அவென்ச்சுராவில் 140 பிஎஸ் அபார்த் எஞ்சினை வைத்து விற்றது. அதை ரசித்தவர்கள் நிறைய, வாங்கியவர்கள் குறைவு. அன்றைக்கு அது கார்ப் பைத்தியங்களின் வண்டி. இன்றைக்கு அதைவிடச் சக்திவாய்ந்த வண்டிகளைச் சாதாரணக் குடும்பங்கள் தவணை போட்டு வாங்குகின்றன. அதனால் இந்தச் சக்தி அன்றாடம் எங்கே பயன்படுகிறது, எங்கே வீணாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

முதல் கணக்கு, ஓவர்டேக்.

நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. முன்னால் 12 மீட்டர் நீள லாரி ஒன்று 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதற்கு 20 மீட்டர் பின்னால் அதே வேகத்தில் வரும் கார், அதைக் கடந்து 20 மீட்டர் முன்னால் போய்த் தன் வழிக்குத் திரும்ப வேண்டும். காரின் நீளத்தையும் சேர்த்தால் லாரியைவிடச் சுமார் 56 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஓட்டுபவர் நிதானமானவர், 70 கி.மீ.க்கு மேல் போகமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு நொடி 3.6 கி.மீ. வேகம் கூட்டக்கூடிய சாதுவான காருக்கு இந்த வேலை முடிய ஏறக்குறைய 10.9 நொடி ஆகும். அதைப்போல் இரு மடங்கு பிக்கப் உள்ள கார் 8.8 நொடியில் முடித்துவிடும். இரண்டு நொடி லாபம். எதிரே இன்னொரு வண்டியும் 70-ல் வந்தால், சாதுவான காருக்கு முன்னால் சுமார் 390 மீட்டர் காலியான சாலை தேவை. மற்றதற்கு 325 மீட்டர் போதும். அந்த 65 மீட்டர் வித்தியாசம் அற்பமானதல்ல. எதிர்ப்புறத் தடத்தில் குடும்பத்தோடு நிற்கும் நேரத்தை அது குறைக்கிறது.

இப்போது பிக்கப்பை இன்னும் ஒரு முறை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் ரகம். நேரம் 7.8 நொடி. முதல் இரட்டிப்பில் இரண்டு நொடி கிடைத்தது. அடுத்த இரட்டிப்பில் ஒரு நொடிதான். 70-ஐத் தாண்டுவதில்லை என்று ஓட்டுநர் உறுதியாக இருக்கும்வரை, உலகத்தில் எந்தக் காரும் இந்த ஓவர்டேக்கை 6.7 நொடிக்குள் முடிக்க முடியாது. ஆக, சோம்பலான வண்டியிலிருந்து சுறுசுறுப்பான வண்டிக்கு மாறினால் பாதுகாப்பு கூடுகிறது. சுறுசுறுப்பிலிருந்து சீற்றத்துக்கு மாறும்போது அந்த லாபம் கரைகிறது. அதற்கு மேலும் லாபம் வேண்டுமென்றால் வேக வரம்பை உடைக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கு மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

விளம்பரங்கள் பெரிதாகப் போடும் எண் குதிரைத்திறன். குடும்ப வண்டியில் அதைவிட முக்கியமானது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. எந்தச் சுழற்சி வேகத்தில் அது கிடைக்கிறது என்பது அதைவிடவும் முக்கியம். கிரெட்டாவின் சாதாரண பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 144 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதுவும் நிமிடத்துக்கு 4,500 சுற்றில்தான். டர்போ எஞ்சின் 253 தருகிறது. அது 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது.

கொல்லிமலைக்கு ஏறும்போது இந்த இரண்டு வரி விவரத்தின் அர்த்தம் புரியும். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், பெட்டிகள், ஏசி. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறக்குறைய நின்று திரும்புகிறது. பிறகு மீண்டும் ஏற வேண்டும். சாதாரண எஞ்சினில் கியரைக் குறைத்து, எஞ்சின் கதறக் கதற ஏற்ற வேண்டும். டர்போவில் இரண்டாவது கியரிலேயே இழுக்கும். ஒரே ஒரு நிபந்தனை: வளைவுக்குள் சுழற்சி 1,500-க்குக் கீழே விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் டர்போ விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் வண்டி தொய்ந்துபோகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மலையூருக்கு அடிக்கடி போகும் குடும்பம் டர்போவுக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல என்பதில் சந்தேகம் வேண்டாம்.

நகரத்துக்குள் கதை வேறு. சென்னையில் கார்களுக்கு 2023-ல் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த உச்ச வேகம் 60 கி.மீ., குடியிருப்புப் பகுதிகளில் 30. மாலை ஆறு மணிக்கு கிண்டி கத்திப்பாராவில் 30 கிடைப்பதே பெரிய விஷயம். அங்கே 160 பிஎஸ்ஸும் 115 பிஎஸ்ஸும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில்தான் நகரும்.

அதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த டர்போ கார்களில் பலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர் என்பது இரட்டை கிளட்ச் வகை. நெடுஞ்சாலையில் கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும், சுகமாக இருக்கும். ஆனால் எண்ணெயில் குளிராத உலர் கிளட்ச் என்றால், அங்குலம் அங்குலமாக ஊரும் நெரிசலில் அது உரசி உரசிச் சூடாகும். மேம்பால ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உலர் கிளட்சுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்கிறவருக்கு சிவிடி அல்லது பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் பொருத்தம். இரண்டும் இல்லாவிட்டால் மின்சாரக் கார்.

மைலேஜ்? காகிதத்தில் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. அரசு அங்கீகார அமைப்பான ஏஆர்ஏஐ சோதனையில் சாதாரண கிரெட்டா மேனுவல் லிட்டருக்கு 17.4 கி.மீ., என் லைன் மேனுவல் 18. சக்தி கூடியது தோற்கவில்லை, மயிரிழையில் ஜெயிக்கிறது. காரணம், சோதனையில் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். அப்போது டர்போவுக்கு அதிக வேலை இருக்காது. டர்போ முழு வீச்சில் காற்றைத் திணிக்கும்போது அதற்கு ஈடாகப் பெட்ரோலும் போய்த்தான் ஆக வேண்டும். எனவே டர்போ வண்டியின் மைலேஜை முடிவு செய்வது ஓட்டுபவரின் வலது கால்.

பின் சீட்டுக்கு வருவோம். கார் விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத இடம், ஆனால் குடும்பத்தில் பாதிப் பேர் உட்காருவது அங்கேதான். சக்தி கூடக்கூட நிறுவனங்கள் சக்கரத்தைப் பெரிதாக்குகின்றன, டயரின் பக்கச்சுவரைக் குட்டையாக்குகின்றன. சாதாரண கிரெட்டாவின் 17 அங்குல டயரில் பக்கச்சுவர் ஏறத்தாழ 129 மில்லிமீட்டர். என் லைனின் 18 அங்குல டயரில் 118. பெரிய வித்தியாசமில்லை, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உலக அளவில் இந்த வகையின் உச்சமாகக் கருதப்படும் ஹூண்டாயின் ‘அயோனிக் 5 என்’ காரைப் பாருங்கள். இந்தியாவில் விற்கப்படாத அந்த மின்சாரக் கிராஸ்ஓவர், உந்துதல் பொத்தானை அழுத்தினால் பத்து நொடிக்கு 650 பிஎஸ் தரும், 3.4 நொடியில் நூறு. அதன் 21 அங்குலச் சக்கரத்தில் ரப்பர் பக்கச்சுவர் சுமார் 96 மில்லிமீட்டர்தான். மழைக்குப் பிறகு நம் சாலைகளில் திறக்கும் பள்ளங்களை அந்த டயர் எப்படிச் சமாளிக்கும் என்று யோசித்தாலே போதும். டயர் வெடிக்காவிட்டாலும் ரிம் வளையும், முதுகெலும்பு கணக்குக் கேட்கும்.

இன்னொன்று, வாந்தி. சிரிப்பதற்கு அல்ல, பிள்ளைகளோடு பயணம் செய்கிறவர்களுக்கு இது நிஜமான பிரச்சினை. கண் பார்ப்பதும் உட்காது உணரும் அசைவும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்கும். அந்த இழுப்பைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, முன்னால் சீறிப் பாய்ந்தும் வெடுக்கென்று மட்டுப்பட்டும் ஓட்டினால், பின்னால் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தலை சுற்றும். அதே இழுப்பு, கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பெரிய வரம்: பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துச் சூடாக்க வேண்டிய தேவை குறைகிறது. நகரத்துக்கு மென்மையாகவும் மலை இறக்கத்துக்குக் கடுமையாகவும் அதை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்வது, 6.7 நொடியில் நூறைத் தொடுவதைவிடப் பல மடங்கு உபயோகமான வித்தை.

பணம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் கார் என்றால் 18. மின்சாரக் கார் என்றால் 5. சக்தி எவ்வளவு என்று வரி கேட்பதே இல்லை. அதனால்தான் 131 பிஎஸ் தரும் 1.2 லிட்டர் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ குறைந்த வரிக்குள் வந்துவிடுகிறது. 230 நியூட்டன் மீட்டர் இழுவையோடு நான்கு பேர் குடும்பத்துக்கு அது தாராளமாகப் போதும். மின்சாரக் கார்களில் சக்தி மலிவாகக் கிடைப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டின் ஆயுள்கால வரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 19.9 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 3,58,200. அதிலேயே கொஞ்சம் கூடுதல் வசதி கேட்டு 20.1 லட்சம் ஆக்கினால் வரி 4,02,000. இருபதாயிரத்துக்கு ஆசைப்பட்டால் வரியில் மட்டும் 43,800 கூடுதலாகக் கட்ட நேரும். டர்போ, என் லைன் வகைகள் பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும் என்பதால் ஆன் ரோடு விலையை எழுத்தில் வாங்கிப் பார்ப்பது நல்லது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆறுதல். பெட்ரோல் கார்களுக்கு அது சிசியைப் பொறுத்தது. கிரெட்டாவின் இரண்டு எஞ்சினும் 1,500 சிசிக்குள் இருப்பதால் ஒரே கட்டணம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மாதம் இரண்டு முறையாவது முழுக் குடும்பத்தோடு இருவழிச் சாலையிலோ மலைப்பாதையிலோ போகிறவர்களுக்கு 130 முதல் 160 பிஎஸ் வரையிலான டர்போ கிராஸ்ஓவர் அர்த்தமுள்ள செலவு. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 115 போதும். மிச்சப் பணத்தை ஆறு ஏர்பேக் உள்ள, மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டியில் போடலாம். 280 பிஎஸ்ஸுக்கு மேற்பட்ட மின்சாரக் காரை, வரியும் ஓட்டும் செலவும் குறைவு என்பதற்காக வாங்குவதில் தவறில்லை. அதன் எடையும் திடீர் இழுவையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் இருபது வயதுப் பிள்ளை அதே வண்டியை எடுத்து ஓட்டுவான் என்றால், சக்தியைக் குறைத்துத் தரும் ஓட்டுமுறையில் அதை வைத்திருக்கும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் என்றால் பெரும்பாலும் வாங்குபவரும் விற்பனையாளரும் மட்டும், காலியான சாலையில் பத்து நிமிடம் போய்வருவது. அது போதாது. வீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, ஒரு மேம்பால ஏற்றத்திலும் நான்கு வேகத்தடைகளிலும் ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். வாங்குபவர் திரும்பி வரும்போது ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில், நடுவில் உட்கார வேண்டும். ஷோரூமிலிருந்து கிளம்பும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படம் எடுத்து, ஊரில் உள்ள டயர் கடையில் அந்த அளவு இருப்பில் இருக்கிறதா, ஒன்று என்ன விலை என்று விசாரித்துவிட்டு முன்பணம் கட்டலாம்.