பெண் எந்த நாட்டுப் பிரஜை?

விருதுநகரை அடுத்த குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகத்துக்கு முன்னால் எழுகிற கேள்வி: "பெண் எந்த நாட்டுப் பிரஜை?"

கதை பழையது. 1948-ல் இலங்கை சர்க்கார் ஒரு பிரஜா உரிமைச் சட்டம் போட்டது. தகப்பனார் அங்கே பிறந்தவர், இல்லையேல் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்தவர்கள் என்று ருசுப்படுத்த வேண்டுமாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சீட்டு எழுதி வைத்தவர் யார்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பதுபோல! மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.

1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களிலும் இந்தத் தோட்டக் குடும்பங்கள் உண்டு.

யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க நாட்டுக்கு உரிமை உண்டுதான். நம் வீட்டு வாசலுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறதே. ஆனால் உள்ளே பிறந்த குழந்தை? 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல், மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. ஆகவே முகாம் பெண் சிவகாசி மாப்பிள்ளையை மணந்தாலும் பேரக் குழந்தைக்குச் சிக்கல் விடுவதில்லை. 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்துகொண்டவர்களுக்கு, 2025 செப்டம்பரில் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. பிரஜா உரிமை கிடைக்கவில்லை.

1990-ல் தாயின் இடுப்பில் வந்திறங்கிய குழந்தைக்கு இன்று கல்யாண வயதில் மகள் இருக்கலாம். அவள் இங்கேயே பிறந்தவள்.