ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கினது சரியா? ஐபிஎல் 'டிரேட்' நடப்பது இப்படித்தான்!

"ஜட்டுவைப் போய் கொடுப்பாங்களா? 2023 ஃபைனலை மறந்துட்டீங்களா?"

"அவருக்கும் வயசாகுது. தோனிக்கு அப்புறம் கீப்பர் யாருங்க?"

ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் சேலம் அடிவாரத்து டீக்கடையில் நின்றால், சிஎஸ்கே ரசிகர்களிடம் இந்த இரண்டு குரல்களையும் கேட்கலாம். சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டு விலக விரும்புகிறார் என்று 2025 ஆகஸ்ட்டில் செய்தி வந்தபோது, இது வெறும் 'நடந்தா எப்படி இருக்கும்' விவாதம்தான். நவம்பர் 15-ல் நிஜமாகிவிட்டது.

யாருக்கு என்ன கிடைத்தது?

சென்னைக்கு சஞ்சு, அதே ரூ.18 கோடிக்கு. ராஜஸ்தானுக்கு ஜடேஜாவும் சாம் கரணும். ஜடேஜாவின் தொகை ரூ.18 கோடியிலிருந்து ரூ.14 கோடியாகக் குறைந்தது, கரணுக்கு ரூ.2.4 கோடி. கணக்குப் போட்டால் சென்னைக்கு ரூ.2.4 கோடி மிச்சம். ஒரு கீப்பர் வந்தார், இரண்டு ஆல்ரவுண்டர்கள் போனார்கள்.

வீரரைக் கேட்காமல் கொடுக்க முடியுமா?

முடியாது. வீரரின் சம்மதம் கட்டாயம். இரு அணிகளும் ஒத்துக்கொண்டு, பிசிசிஐயும் ஒப்புதல் தர வேண்டும். ஏலத்தில் இந்த வசதி கிடையாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி ரூ.10.75 கோடிக்கு எடுத்தது. எந்த அணி என்று முடிவு செய்தது ஏலத்தொகைதான், அவர் அல்ல.

அமெரிக்கக் கால்பந்தில் நிலைமை இன்னும் கறார். ஒப்பந்தத்தில் தனி விதி இல்லாவிட்டால், வீரரைக் கேட்காமலே மாற்றிவிடலாம். 2021-ல் டெட்ராய்ட்டும் லாஸ் ஏஞ்சலஸும் தங்கள் குவார்ட்டர்பேக்குகளான ஸ்டாஃபோர்டையும் காஃபையும் மாற்றிக்கொண்டன. முதல் சீசனிலேயே ஸ்டாஃபோர்டு சூப்பர் பவுல் வென்றார். காஃபும் பிறகு டெட்ராய்ட்டைத் தூக்கி நிறுத்தினார். டிரேடில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

அப்போ சிஎஸ்கே செய்தது சரியா?

டிரேட் நடந்தபோது தோனிக்கு வயது 44, சஞ்சுவுக்கு 31. எதிர்காலத்தைப் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் 12 சீசன் ஆடியவர், 2023 இறுதிப்போட்டியின் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸும் ஃபோரும் அடித்து ஐந்தாவது கோப்பையைத் தந்தவர் ஜடேஜா. அதற்கு எந்த ஏலத்திலும் விலை போட முடியாது. ரசிகரின் கோபம் அங்கேதான்.

ஜடேஜாவுக்கு இது பழைய வீடு. 2008-ல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் இருந்தவர், வேறு அணியோடு நேரடியாகப் பேரம் பேசியதாக 2010 சீசன் முழுக்கத் தடை வாங்கினார். 2025-ல் அதே அணிக்கு, முறைப்படி சம்மதம் சொல்லித் திரும்பினார்.